கயிற்றுக்குள் ஒரு ரெஃப்ரி

போன சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மனிதரை அடிக்கச் சொல்லிக் கத்தினேன்.

சும்மா இல்லை. தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன். அந்த மனிதர் முன்பின் தெரியாதவரா என்றால் அதுவும் இல்லை... பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அவர் அந்தப் பக்கம் தும்மினால், இந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி "நூறு வயசு" என்பாள்.

வாராவாரம் இந்த இடத்தில் உட்கார்ந்து உங்களுக்கு நல்லது கெட்டது சொல்கிற ஆள்தான் நான். பஸ்ஸில் பெண்களுக்கு எப்படி இடம் விடவேண்டும், கல்யாண வீட்டில் எப்படிச் சாப்பிடவேண்டும்... எல்லாம் எழுதியாயிற்று. போன வாரம்கூட வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் அளந்திருந்தேன். படித்தவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அடி வாங்க இருந்தவர் பெயர் தேவராஜ பிள்ளை. காஜா பேராங்கிலேயே பிறந்து வளர்ந்த சிட்டி. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை — மலாக்கா சிட்டிகள் என்றால் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். வீட்டில் பேச்சு மலாய். பெண்களுக்கு சாரோங், கெபாயா. ஆனால் நெற்றியில் திருநீறு, நிலைப்படியில் மாவிலை, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் சாமி, பூசை, விபூதி... அதோடு சரி. எங்கள் சிநேகம் மலாயிலேயே வளர்ந்தது. அவரும் மற்ற சிட்டிகளும் பேசுவதாக நான் கீழே எழுதுவதெல்லாம் மலாயிலிருந்து நான் தமிழாக்கியது. காரம் குறைந்திருந்தால் குற்றம் என்னுடையது.

பகலில் அவர் அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சாயங்காலங்களில் கால்பந்து ரெஃப்ரி. பள்ளிக்கூட மேட்ச், ஆபீஸ் மேட்ச், தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கிற மேட்ச்... இப்படிச் சின்ன மேட்ச்களுக்கெல்லாம் அவர்தான் ஊதுவார். வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் கரிப்பெட்டியை மூட்டி, கறுப்புச் சட்டையையும் கறுப்புக் கால்சட்டையையும் தன் கையாலேயே இஸ்திரி போடுவார். மனைவியைக்கூடத் தொடவிட மாட்டார்.

பெரிய மேட்ச்சுக்கு? அதற்கு வெள்ளைக்காரத் துரைதான்.

நம் பாடாங் மைதானத்தில் எத்தனை வருஷமாக இது வழக்கம்! துரை ஊதினால் ஊதியதுதான். ஆஃப்சைடு என்றாரா, ஆஃப்சைடு. பந்து கோட்டைத் தாண்டவே இல்லை, கோல் என்கிறாரா, கோல். நாம் முணுமுணுப்போம் — வீட்டுக்குப் போன பிறகு. இப்போது சுதந்திரம் வந்துவிட்டது. கொடி மாறிவிட்டது. தபால்தலை மாறிவிட்டது. விசில் மட்டும் துரையின் வாயிலேயே இருந்தது.

போன சனிக்கிழமை கிண்ணப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். நம் மலாக்காவும் வடக்கேயிருந்து வந்த ஓர் அணியும். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், ஆசிரியருக்குக் கடிதம் வரும். ஊத வேண்டிய துரை காய்ச்சலில் படுத்துவிட்டார். காலையில் கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு, கடைசியில் பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வெளியூர் மானேஜர் முகத்தைச் சுளித்தாராம். உள்ளூர்க்காரன் உள்ளூருக்குத்தானே ஊதுவான் என்று கேட்டாராம். வேறு ஆள் இல்லை... சம்மதித்துவிட்டார்.

அன்று காலையில் எங்கள் தெருவைப் பார்த்திருக்கவேண்டும். பிள்ளை வீட்டு வாசலில் ஒரே கூட்டம். முத்து நாயக்கர் உள்ளே புகுந்து அவர் முதுகில் ஒரு போடு போட்டார். நாயக்கர் அடுத்த தெரு, அவரும் சிட்டி. ஐஸ் ஃபேக்டரியில் கட்டி தூக்குகிற வேலை. அம்மன் திருவிழாவில் காவடிகளைச் சுற்றிக் கயிறு பிடித்துக்கொண்டு போகிற கோஷ்டிக்கு வருஷா வருஷம் அவர்தான் தலைவர். குரலெடுத்தால் தெங்கேரா வரைக்கும் கேட்கும்.

"இன்னைக்கு நம்ம ஆளு! நம்ம ஆளு விசில் ஊதப்போறாரு!" என்று அவர் கத்த, தெருவே கை தட்டியது.

பிள்ளை சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு காப்பிக் கோப்பையை எடுத்தார். குடிக்காமலே சாஸரில் திரும்ப வைத்தார்.

"இன்னைக்கு நான் ஒழுங்கா ஊதலைன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். "பார்த்தியா, இவனுங்களுக்கு ஊதத் தெரியாதுன்னு சொல்லிடுவாங்க. என்னைச் சொன்னாப் பரவாயில்லை. எனக்கப்புறம் வர்ற அத்தனை பேருக்கும் விசில் கிடையாதுன்னு ஆயிடும்."

"பயப்படாதீங்க, மிஸ்டர் பிள்ளை. நாங்க இருக்கோம்" என்றேன்.

ஆமாம். சொன்னவன் நான்தான்.

பண்டார் ஹிலிர் பாடாங்கில் அப்படி ஒரு கூட்டத்தை, சுதந்திரத் தேதியை அறிவித்த அந்த நாளுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். மரக்கிளை எல்லாம் மனிதர்கள். கடல் பக்கத்தில் சம்பான் படகுகளை நிறுத்திவிட்டு அவற்றின் மேல் நின்று பார்த்தவர்களும் உண்டு. மைதானத்தைச் சுற்றி மூங்கில் நட்டு, தென்னங்கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒட்டி நாயக்கரும் அவருடைய கோஷ்டியும் ஒரு பழைய மேளத்தோடு நின்றார்கள். நம் பையன்கள் பந்தைத் தொட்டால் போதும், மேளம் அதிரும். நான் அவர்களுக்குப் பின்னால், உப்பு மிளகாய் தூவிய கொய்யாக்காயோடு நின்றேன்.

பிள்ளை நன்றாகத்தான் ஊதினார். இடைவேளை வரையில் அவர் மைதானத்தில் இருக்கிறார் என்பதே தெரியவில்லை. நல்ல ரெஃப்ரிக்கு அதுதானே லட்சணம்? ஆளுக்கு ஒரு கோல் விழுந்து ஆட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று.

முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். ஒரு கார்னர். கோல் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு... பந்து வலைக்குள் கிடந்தது!

நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். மேளம் வெறி பிடித்து அடித்தது. தொப்பிகள், குடைகள், ஒரு சின்னக் குழந்தை — எல்லாம் ஆகாயத்தில் பறந்தன. குழந்தையை அதன் அப்பா பத்திரமாகப் பிடித்துவிட்டார்.

அப்போது விசில் கேட்டது. நீளமான விசில்.

பிள்ளை ஒரு கையை உயர்த்தி, மறு கையால் அதைத் தொட்டுக் காட்டினார். ஹேண்ட்பால். கோல் இல்லை.

 எதிரணிக்காரன் பந்தை வைத்து நீளமாக ஒரு உதை விட்டான். நம் பையன்கள் பாதிப் பேர் இன்னும் பிள்ளையைச் சூழ்ந்து நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த மைதானத்தில் அவர்கள் ஆள் ஒருவன் நிதானமாக ஓடிப்போய் கோல் போட்டான். ஆட்டம் முடிந்தது. தோற்றுவிட்டோம்.

"ரெஃப்ரி காயு!" என்று ஒரு குரல் எழுந்தது. காயு என்றால் மரக்கட்டை. அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா? முத்து நாயக்கர்தான். அடுத்த நிமிஷம் பாடாங் முழுவதும் காயு, காயு, காயு...

நானும் கத்தினேன். காயுவோடு நிறுத்திக்கொண்டேனா? "விடாதீங்கடா அவனை! அடிங்கடா!" என்றேன். கையிலிருந்த கொய்யாவை வீசினேன். அது அவர் மேல் பட்டதா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்றை மறைத்தால் இந்தப் பத்தியே பொய்யாகிவிடும். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கம்பெனியில் மானேஜருக்குப் பயந்து, வீட்டில் செலவுக்குப் பயந்து, தெருவில் நாய்க்குப் பயந்து வாழ்கிற ஆள் நான். அத்தனை ஆயிரம் பேரோடு சேர்ந்து ஒரே ஒரு மனிதனுக்கு எதிராகக் கத்தும்போது யாருக்குமே பயம் இல்லை. துரை ஊதியிருந்தால் இப்படிக் கத்தியிருப்பேனா? மாட்டேன். நம்ம ஆள் என்பதால்தான் அவ்வளவு தைரியம். சுதந்திரம் கிடைத்ததும் முதலில் நாம் கற்றுக்கொண்டது நம்மவனை அடிக்கத்தானா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அன்று கேட்கவில்லை.

கயிறு அறுந்தது. மூங்கில்கள் சாய்ந்தன. கூட்டம் மைதானத்துக்குள் கொட்டியது. வெளியூர் ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் ஒரு கைப்பிடிதான், பாவம், அவர்களையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. சோடா பாட்டில்கள் பறந்தன. கமிட்டிக் கூடாரத்து நாற்காலிகள் உடைந்தன.

பிள்ளை மட்டும் ஓடவில்லை. மைதானத்தின் நடுவட்டத்தில், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கக் காத்திருப்பவரைப் போல நின்றார்.

ஒரு கல் வந்து அவர் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவர் தேவராஜ பிள்ளையாகத் தெரிந்தார். ஐயோ, நம்ம பிள்ளை! கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தேன் என்று எழுத ஆசைதான். பாயவில்லை. கால் வரவில்லை.  இந்த மனிதர் இன்றைக்கு உயிரோடு வீடு போகப்போவதில்லை என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது.

அப்போது முத்து நாயக்கர் குனிந்து, அறுந்து கிடந்த தென்னங்கயிற்றின் முனையை எடுத்தார்.

ஏதோ ஒரு சொல் சத்தமாகச் சொன்னார். என்ன சொல் என்று பிடிபடவில்லை. ஆனால் அவர் கோஷ்டி ஆட்கள் எட்டு பேர் எங்கெங்கிருந்தோ முளைத்து வந்தார்கள். அதில் இரண்டு பேர் கையில் கல் இருந்தது, கீழே போட்டுவிட்டு வந்தார்கள். முழங்கையால் இடித்துக்கொண்டு நடுவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளையைச் சுற்றிக் கயிறு வளைந்துவிட்டது. எட்டு பேரும் கயிற்றை இடுப்போடு அணைத்துப் பிடித்தார்கள். நாயக்கர் பிள்ளைக்கு எதிரே முகத்துக்கு முகம் நின்றார்.

மேளக்காரர் அடி மாற்றினார்.

அந்த அடியை உங்களில் மலாக்காக்காரர்கள் யாரும் தவறவிட முடியாது. அம்மன் திருவிழா — சிட்டிகள் வாயில் 'டத்தோ சாச்சார்' — அன்று காவடி எழும்பும்போது அடிக்கிற அடி அது. நாயக்கர் இரண்டு கையையும் உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

"வேல்! வேல்!"

எட்டு பேரும் திருப்பிக் கொடுத்தார்கள். "வேல்! வேல்!"

பின்புறமாக ஓர் அடி வைத்தார் நாயக்கர். பிள்ளை முன்னால் ஓர் அடி வைத்தார். கயிறும் நகர்ந்தது.

இனி நடந்ததை நான் எப்படி எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். கூட்டம் விலகியது. யாரும் விரட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை... தானாக விலகியது. முன்வரிசையில் நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் பின்வாங்கினார்கள். ஒரு பாதை பிறந்தது. காவடி வந்தால் வழி விடவேண்டும், கயிற்றைத் தாண்டக்கூடாது. இதை இந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர், கடலோரத்துப் போர்த்துகீசியர், எல்லோரும் வருஷா வருஷம் தெருவோரத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான். கோபம் மண்டைக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. கால்கள் மட்டும் பழக்கப்படி நகர்ந்துவிட்டன.

மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற ஒரு மலாய் திரிஷாக்காரர். பிள்ளையை அடிக்க மூங்கில் கழியை ஓங்கிக்கொண்டிருந்தவர். அந்தக் கழியை அப்படியே குறுக்காகப் பிடித்து, தன் பக்கத்து ஆட்களைத் தள்ளி, "தெப்பி! தெப்பி!" — ஒதுங்கு, ஒதுங்கு — என்று வழி ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சீன அம்மாள். கூட்டத்தில் அவருடைய ஐஸ் தண்ணீர்க் கடை தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. ரெஃப்ரியைச் சபித்துக்கொண்டிருந்தவர், கயிறு பக்கத்தில் வந்ததும் மிச்சமிருந்த ஒரே கெண்டியைத் தூக்கி வந்து பிள்ளையின் காலில் ஊற்றினார். தள்ளுமுள்ளில் பிள்ளையின் பூட்ஸ் ஒன்று கழன்று போயிருந்தது. காவடி எடுத்து வருகிறவரின் பாதத்துக்கு ஊற்றுவதைப் போலவே, அந்த வெறுங்காலில் பார்த்து ஊற்றினார்.

நான்? கயிறு என்னைக் கடந்தபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளங்கையில் கொய்யாவின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை. எந்த ரெஃப்ரியை அடிக்கச் சொன்னேனோ அதே ரெஃப்ரியைக் கும்பிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது. வெட்கத்தால் வந்ததா, பக்தியால் வந்ததா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பாடாங்கைத் தாண்டியதும் கயிற்றை இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். இறக்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கடைத்தெரு வழியாக, காஜா பேராங் வரைக்கும் அப்படியே நடந்தார்கள். நாயக்கர் அத்தனை தூரமும் பின்புறமாகவே நடந்தார், பிள்ளையின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். பின்னால் பெருங்கூட்டம். அடிக்க வந்த கூட்டம்தான், இப்போது பின்தொடர்கிற கூட்டமாகிவிட்டது. நானும் அதில் ஒருவன்.

கடைத்தெருவில் இருந்தவர்களுக்கு மேட்ச்சும் தெரியாது, கலவரமும் தெரியாது. மேளச் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தார்கள். "இந்த மாசத்துல ஏதுங்க காவடி?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நம் மளிகைக்கடைக்காரர் ஒருவர் உள்ளே போய்த் தேங்காயோடு வந்துவிட்டார். நடு ரோட்டில், கறுப்புக் கால்சட்டையும் விசிலும் கக்கத்தில் பந்துமாக வந்த தேவராஜ பிள்ளைக்கு முன்னால், படீரென்று உடைத்தார். கற்பூரம் ஏற்றப் போனவரை அவருடைய மனைவி கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

பிள்ளை சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ரத்தம் காய்ந்த முகத்தோடு, மேள அடிக்கு ஒத்து, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஈரமுமாக நடந்து வந்தார்.

கோயில் வாசலில் மேளம் நின்றது. கயிறு தாழ்ந்தது. பிள்ளை கயிற்றைத் தாண்டி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் கக்கத்திலிருந்த பந்தைக் கீழே வைத்தார்.

நாயக்கர் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"இப்ப சொல்லு. அது ஹேண்ட்பாலா?"

"ஹேண்ட்பால்" என்றார் பிள்ளை.

"தோள்ல பட்டுச்சு. நான் பார்த்தேன்."

"கையில பட்டுச்சு. நானும் பார்த்தேன்."

"ஒரு தடவை இல்லைன்னு சொல்லேன். என் மனசு ஆறும்."

"ஹேண்ட்பால்."

"காயு!" என்று கத்திவிட்டு நாயக்கர் எழுந்தார். எங்கே போகிறார் என்று பார்த்தேன். ஐஸ் ஃபேக்டரிக்கு. கால்மணி நேரத்தில் துண்டில் சுற்றிய ஐஸோடு வந்து, திட்டிக்கொண்டே அவர் புருவத்தில் வைத்து அழுத்தினார்.

எனக்கு ஒரு கேள்வி. கேட்காமல் இருக்க முடியவில்லை. நாயக்கரைத் தனியாக அழைத்தேன்.

"அம்மனுக்குப் பிடிக்கிற கயிறு... ஒரு ரெஃப்ரிக்காகப் பிடிச்சீங்களே, தப்பில்லையா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கயிறு அம்மனுக்கா பிடிக்கிறோம்? அம்மனுக்கு எதுக்குக் கயிறு? நடுவுல ஒருத்தன் வர்றான். ரெண்டு கையும் காவடியில இருக்கு. யாராவது இடிச்சா தடுத்துக்க முடியாது. அவன் விழுந்திடக்கூடாதுன்னு பிடிக்கிறோம். இன்னைக்கும் அதே கதைதான்."

"ஆனா நீங்களும்தானே காயுன்னு..."

"திட்டுவேன்" என்றார். "நாளைக்கும் திட்டுவேன். அதுக்கு அவன் உயிரோட இருக்கணும் இல்லையா?"

கூட்டத்துக்கு மூளை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சரி, மூளை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அன்று கொல்ல வந்ததும் அதே கூட்டம், வழி விட்டதும் அதே கூட்டம். நடுவில் பத்து நிமிஷம்கூட இல்லை. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. எட்டு பேரும், ஓர் அறுந்த கயிறும், இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஒரு பழக்கமும்தான். நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. இத்தனை நாள் அந்தப் பழக்கத்தை நான் வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன், தேங்காயைச் சொன்னேன், ஐஸ் தண்ணீரைச் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சொன்னேன். மெதுவாகச் சொன்னேன், பலகைச் சுவர் ஆயிற்றே.

அவள் எழுந்துபோய் எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.  ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் வைத்து, வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்க. நீங்களே உங்க வாயால சொல்லிட்டு வாங்க. சொல்லாம திரும்பி வந்தீங்கன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

பக்கத்து வீடு பத்தடி தூரம். ஆனால் எனக்கு அது பாடாங்கிலிருந்து நடந்த தூரத்தைவிட அதிகமாக இருந்தது. கதவைத் தட்டினேன். பிள்ளையின் மனைவி திறந்தார். என்னைப் பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. உள்ளே திரும்பி, "சத்து லாகி!" என்று குரல் கொடுத்தார். 'இன்னும் ஒண்ணு' என்று அர்த்தம். எதில் இன்னும் ஒன்று என்று எனக்கு விளங்கவில்லை.

பிள்ளை சாய்வு நாற்காலியில் இருந்தார். புருவத்தில் பிளாஸ்திரி. பக்கத்து மேஜையில் மூச்சு விட இடமில்லை... ஒரு தட்டு குவே பலகாரம், கட்டியாக டோடோல் மிட்டாய், பேக்கரி ரொட்டி, வாத்து முட்டை, அன்னாசி, ஏற்கெனவே மூன்று சீப்பு வாழைப்பழம். விருந்தாளிகள் வந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"கமிட்டிக்காரங்க வந்தாங்களா?" என்று ஆரம்பித்தேன். எதையாவது பேசி நேரம் கடத்தலாமே.

"காலையிலயே வந்தாங்க. விசிலைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சு சட்டைப்பையைப் பொத்திக்கிட்டேன்." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "ரிப்போர்ட் எழுதித் தரச் சொன்னாங்க. அடுத்த மாசத்து மேட்ச் லிஸ்டையும் வச்சிட்டுப் போனாங்க. பெரிய மேட்ச் ஒண்ணு இருக்கு, அதிலயும் என் பேரு போட்டிருக்கு."

"போவீங்களா?"

"போகாம? நேத்து ஏன் ஓடலைன்னு எல்லாரும் கேட்கிறாங்க. மைதானத்தை விட்டுக் கடைசியா வர்றவன்தான் ரெஃப்ரி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இனிமேல் தள்ளிப்போட முடியாது. எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

"மிஸ்டர் பிள்ளை... நேத்து நானும் கத்தினேன். உங்களை அடிக்கச் சொன்னேன். ஒரு கொய்யாவைக்கூட..."

 பிள்ளை உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்தினார், மைதானத்தில் நிறுத்துவாரே, அப்படி. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இதையே சொல்ல வந்தவங்க இதோட எத்தனை?" என்று கேட்டார்.

"பதினொண்ணு!" என்று பதில் வந்தது.

பிள்ளை என் கையிலிருந்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார்.

"உட்காருங்க. டீம் முழுசாச்சு. இனிமே வர்றவங்க எல்லாம் ரிசர்வ்."